காப்புக் கட்டிய கையோடு எல்லை தாண்டினோம்

என் மகள் தர்ஷினிக்கு மூச்சு முட்டினால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்தாலே உதடு நாவல்பழம் தின்றது போல நீலமாகிவிடும். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. அதோடு நுரையீரலுக்கு இரத்தம் போகிற வழியும் சுருங்கிக் கிடந்தது. ஆபரேஷன் செய்து அந்த வழியை அகலப்படுத்தியே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதிக்குக் காத்திருந்தோம். உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற வேலை எனக்கு. கை செடியில் இருக்கும், காது வீட்டுப் பக்கமே இருக்கும்.

போன சித்திரையில் எங்கள் எஸ்டேட் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வேறொரு குழந்தைக்குக் காய்ச்சலாம், அந்த இடம் காலியாம், உடனே வந்து சேருங்கள் என்றார்கள்.

என்னால் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. மகளுக்காகத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் முந்தின நாள்தான் காப்புக் கட்டியிருந்தார். கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் யாரும் அதை மீறியதில்லை.

"எல்லை தாண்டுனா புள்ளைக்கே ஆகாதுடி. திருவிழா முடியட்டும், வேற தேதி கேப்போம்" என்றார்.

"அதுவரைக்கும் அவ மூச்ச நீங்க பிடிச்சு வச்சுக்குவீங்களா?"

நான் கோயிலுக்கு ஓடினேன். எனக்கு வாய் நீளம், சாமியிடமும் அப்படித்தான். "இந்தப் புள்ளைக்காகத்தான கட்டுனாரு? நீயே குறுக்க நிப்பியா? கூட வா, இல்லன்னா வழிய விடு" என்று கத்தி அழுதேன். கும்பிடக்கூட மறந்து திரும்பி வந்தால், வாசலில் ஜீப் நிற்கிறது. அவர் மஞ்சள் வேட்டியோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

"கயித்த அவுக்கல. கையோடயே வாரேன். கோவம்னா ஆத்தா என்கிட்ட காட்டட்டும்" என்றார்.

ஆஸ்பத்திரியிலும் விரதத்தை விடவில்லை. செருப்பில்லாமல், ஒரு நேரச் சாப்பாட்டோடு வராந்தாவில் கிடந்தார். பிள்ளையை உள்ளே கொண்டுபோன பிறகு என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. "பேடிக்கண்டா சேச்சி, இரிக்கு" என்று மலையாளத்து நர்ஸ் சமாதானம் சொன்னாள். பயப்படாமல் எப்படி உட்காருவது?

ஓட்டையை அடைத்தாகிவிட்டது, வழியும் அகலமாகிவிட்டது என்று டாக்டர் வந்து சொன்னார். ஆனால் இதயம் களைத்திருக்கிறது, மூச்சுக்காக வாயில் வைத்த குழாயை இப்போது எடுக்க முடியாது, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். மறுநாளும் அதையேதான் சொன்னார். என் வீட்டுக்காரர் கையிலிருந்த கயிற்றைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஆத்தா, தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று நடந்துகொண்டே முணுமுணுத்தேன்.

அன்று எங்கள் ஊரில் தீச்சட்டி. சாயங்காலம் பக்கத்து வீட்டுச் செல்வி போன் செய்தாள். குழாயடிச் சண்டைக்குப் பிறகு என்னோடு பேசாதவள்.

"அக்கா, ஒரு கையில எஞ்சட்டி, ஒரு கையில அண்ணன் சட்டி. ரெண்டையும் நானே எடுத்துட்டேன். லயமே உம்புள்ள பேரச் சொல்லித்தான் கும்பிட்டுச்சு."

என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். கொஞ்ச நேரத்தில் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். இதயம் தேறிவிட்டது, குழாயை எடுத்துவிட்டோம் என்றார்கள். தர்ஷினி கண் திறந்து, தண்ணீர் வேண்டும் என்றாள். உதடு சிவந்திருந்தது.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிறாள். செக்கப்புக்குத் தவறாமல் கூட்டிப்போகிறோம். நான் சாமியிடம் கத்துவதை விடவில்லை, ஆனால் நன்றி சொல்லவும் கற்றுக்கொண்டேன். செல்வியும் நானும் ஒரே நிரையில் காய் எடுக்கிறோம்.

உங்களில் யாருக்காவது இப்படி அழைப்பு வந்தால், கையில் காப்பு இருக்கிறதே என்று நிற்காதீர்கள். கட்டிய கையோடு கிளம்புங்கள். ஆத்தா எல்லைக்குள்ளேயே இருந்துவிடுகிறவள் இல்லை. பிள்ளை படுத்திருக்கிற கட்டிலருகே நமக்கு முன்னால் போய் நிற்பாள்.