பாய் சார் கும்பிட்டது மலையையா?

போன வாரம் கார்த்திகை தீபத்தன்று எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சண்டை. என் மனைவி சரோஜாவுக்கும் அவள் தம்பி சேகருக்கும். எல்லாம் ஒரு போட்டோவால் வந்தது.

எங்கள் மாடி போர்ஷனில் குடியிருப்பவர் ரஹீம் சார். ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். தெருவுக்கே அவர் 'பாய் சார்'. வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல். மற்றபடி வீட்டில் இருக்கும் நேரமெல்லாம், மழை இல்லையென்றால், மொட்டை மாடியில் ஜமக்காளம் விரித்துத் தொழுவார்.

மேற்கே பார்த்துத் தொழ வேண்டும். மக்கா அந்தப் பக்கம். திருவண்ணாமலை டவுனில் மேற்கே திரும்பினால் என்ன தெரியும்? மலை! அவர் என்ன செய்வார், பாவம்?

எதிர்வீட்டுக் காமாட்சியம்மாள் இதைப் பார்த்துப் பார்த்து உருகிப்போய்விட்டார். "பாய் சாரைப் பாருங்க, அஞ்சு வேளையும் நம்ம மலையைத்தான் கும்பிடறாரு. நமக்கு ஒரு வேளைக்கே நேரம் இல்லே!"

"மலையைப் படைச்சவனைம்மா..." என்று சொல்லிவிட்டு பாய் சார் சிரித்துக்கொண்டே ஸ்கூலுக்குப் போய்விட்டார். அதோடு முடிந்தது.

அவரோடு பழகியதில் எனக்கு ஒன்று புரிந்தது. நாமெல்லாம் வேலைகளுக்கு நடுவே இடம் கிடைத்தால் சாமியைச் செருகுகிறோம். அவர் தொழுகைகளுக்கு நடுவேதான் வேலைகளை வைக்கிறார். சினிமாவுக்குக் கூப்பிட்டால்கூட, "மக்ரிபு தொழுகை முடிச்சிட்டு வரேன் சார், நீங்க டிக்கெட் எடுத்து வைங்க" என்பார். ரம்ஜான் மாதத்தில் சாக்பீஸ் தூசியில் பீரியட் பீரியடாகக் கத்திவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வீட்டுக்கு வருவார். நானாக இருந்தால் ஊரையே கடித்துக் குதறியிருப்பேன். அவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கம்மியாகப் பேசுவார். அவ்வளவுதான்.

சரி, தீபத்துக்கு வருவோம்.

மெட்ராஸிலிருந்து சேகர் வந்திருந்தான். தோளில் புது சிங்கப்பூர் கேமரா. வந்ததிலிருந்து குழந்தைகள், கோலம், கூட்டம் என்று எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளினான். சாயங்காலம் பாய் சார் மாடி மூலையில் தொழுதுகொண்டிருந்தார். நெற்றி தரையில். எதிரே மலை. சேகர் பின்னாலிருந்து 'க்ளிக்' செய்துவிட்டான்.

அதோடு விட்டானா? தொழுது எழுந்தவரிடமே போய்ச் சொன்னான்: "சார், சூப்பர் படம்! பத்திரிகைக்கு அனுப்பப் போறேன். தலைப்புகூட ரெடி — 'அண்ணாமலையாருக்கு ஒரு பாயின் அரோகரா!'"

பாய் சார் முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி... அது வேணாங்க."

"ஏன் சார்? நல்ல விஷயம்தானே? மத ஒற்றுமை!"

"உங்க சாமி மேல எனக்கு மரியாதை உண்டுங்க. ஆனா, அல்லாவைத் தவிர வேற யாருக்கும் தலை வணங்க மாட்டேன்னு சொல்றதுக்குத்தான் நான் அஞ்சு வேளையும் நெத்தியைத் தரையில வைக்கிறேன். அதே நெத்தியைப் படம் புடிச்சு வேற மாதிரி எழுதினா, என் உசுரான பேச்சையே பொய்யாக்கிடுவீங்களே தம்பி!"

"ஒரு படத்தை மட்டும் எப்படி சார் எடுக்கறது? ரோல் முழுக்க வீட்டுப் படம். கழுவினப்புறம் பாக்கலாம்" என்று மழுப்பினான் சேகர். அவன் அனுப்பத்தான் போகிறான் என்பது எனக்கே தெரிந்தது. பாய் சாருக்குத் தெரியாதா? ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

பொழுது சாய்ந்தது. வேட்டு வெடித்தது. மலை உச்சியில் தீபம்! ஊரே "அரோகரா" என்றது. கன்னத்தில் போட்டுக்கொண்ட சரோஜா, பொரி உருண்டை எடுத்துவரக் கீழே போனாள். திரும்பி வந்தவள் கையில் தட்டு இல்லை, முகத்தில் கோபம் இருந்தது.

"அங்க போய்ப் பாருடா! அவ்ளோ சத்தத்துல, மேற்கு ஜன்னலைச் சாத்திக்கிட்டு, செவுத்தைப் பாத்துத் தொழுவறாரு மனுஷன். மலை கண்ணுல பட்டா நீ என்னத்த எழுதுவியோன்னு பயம்! ஆள் பத்தலைன்னு சாமி உங்கிட்ட வந்து அழுதாராடா?"

"அக்கா, நான் நல்லதுக்குத்தான்..."

"அவர் நம்ம வூட்டை நம்பிக் குடியிருக்கார்டா. அவர் கும்புடறது யாரைன்னு அவர் சொல்லணுமா, நீ சொல்லணுமா?"

 சேகர் கேமராவின் பின்மூடியைத் திறந்தான். அகல் விளக்கு வெளிச்சத்தில் பிலிம் சுருளை மொத்தமாக உருவிப் போட்டான்.

தொழுகை முடித்து மேலே வந்த பாய் சார் பதறிப்போனார். "அய்யய்யோ, குழந்தைங்க படமெல்லாம் போச்சே தம்பி!"

"போவட்டும் சார். தப்பா நினைக்காதீங்க." சேகர் கண் கலங்கிவிட்டான்.

பாய் சார் அவன் தோளில் கை போட்டுக்கொண்டார். சரோஜா மறுபடி போய் எடுத்துவந்த பொரி உருண்டையை எல்லோருமாக உட்கார்ந்து கடித்தோம். எனக்குத் தோன்றியது இதுதான்: ஒருவரைப் பிடித்திருக்கிறது என்பதற்காக அவரை நம்மாளாக்கியே தீர வேண்டுமா? அவராகவே இருக்க விட்டால் என்ன?

இந்த வருஷ தீபத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. படம் போனதற்குத் துக்கம் விசாரிக்கிறவர்களிடம் சரோஜா சொல்கிற பதில் — "நாங்க கும்பிட்டது சாமிக்குத் தெரியும். போதாதா?"