பதினான்கு முதல் இருபத்திரண்டு வரை

இடது கையின் மோதிர விரல் வரைபட பிலிமை அசையாமல் அழுத்திப் பிடித்திருக்கிறது. வலது கையில் கால் மில்லிமீட்டர் மைப்பேனா செங்குத்தாக நிற்கிறது. கொஞ்சம் சாய்ந்தாலும் கோட்டின் ஒரு கரை சொரசொரப்பாகிவிடும். ஆனால் அந்தக் கை இப்போது கோடு போடவில்லை, புள்ளி வைக்கிறது. ஒரு மணிக்கட்டு எலும்புக்கு எழுபது புள்ளிகள். நிழல் பக்கம் நெருக்கமாக, வெளிச்சப் பக்கம் விலகி.

ஒரு பொருளை நடுவில் அறுத்து உள்ளே இருப்பதைக் காட்டும் படத்துக்கு வெட்டுத் தோற்றம் என்று பெயர். அறுபட்ட இரும்புக்கு ஒரு வகைச் சாய்கோடு, பித்தளைக்கு வேறு, ரப்பருக்கு வேறு. வரைவாளர்களின் விதிநூலில் மரத்துக்கும் கண்ணாடிக்கும்கூட உண்டு. எலும்புக்கு இல்லை. அதனால் புள்ளி என்று தானே முடிவு செய்துகொண்டார், டாங்கி பழுதுபார்க்கும் தொழிற்சாலையின் மூத்த வரைவாளர்.

தொழிற்சாலையில் அவரைப் பிளேடக்கா என்பார்கள். பேசிப் பேசி அறுப்பவர் என்பதால் அல்ல, பேச்சு அவருக்கு அளவுதான். பிலிமில் தவறிய மைக்கோட்டைச் சுரண்டி எடுக்கப் பாதி உடைத்த சவர பிளேடு ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். பத்தொன்பது வயதில், மற்றவர்களின் படங்களைப் பிரதி எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பிரதி எடுத்து எடுத்தே வரையவும் கற்றுக்கொண்டார். கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

முப்பத்தொரு வருடங்களுக்கு முன், போரிலிருந்து எரிந்த டாங்கிகளை இழுத்துவந்து தொழிற்சாலை முற்றத்தில் நிறுத்தியபோது அவருக்கு வயது இருபத்துநான்கு. அதில் ஏழாம் எண் வண்டியை ஓட்டியவன் அவருடைய கொழுந்தன், கணவரின் ஒரே தம்பி. உள்ளே இறங்கி அளவெடுக்க வேறு யாரையாவது அனுப்பவா என்று தலைமை வரைவாளர் கேட்டார். "நானே போறேன் சார்" என்று அளவு நாடாவை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

நான்கு பேரின் உடல்களையும் அதற்குள் எடுத்துப் போயிருந்தார்கள். இரும்போடு உருகி ஒட்டியதை மட்டும் எடுக்க முடியவில்லை.

சேதத்தைப் பதிவு செய்யும் படத்துக்குத் தொழிற்சாலையில் ஒரே விதிதான்: வண்டிக்குள் என்ன கிடந்தாலும் அதற்கு ஓர் எண். ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை இயந்திர உறுப்புகள். பதினான்கு, மிதிகட்டையில் ஒட்டிய பூட்ஸ் அடி. பதினேழு, ஓட்டுநர் தலைக்கு மேல் திறந்து வெளியேறும் மூடியின் கைப்பிடியைச் சுற்றி ஐந்து விரல் எலும்புகள். அப்படியே இருபத்திரண்டு வரை. அதற்குப் பின் மீண்டும் இரும்பு.

தலைமை வரைவாளர் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பதினாலுலேர்ந்து இருபத்திரண்டு வரைக்கும் எடுத்துடும்மா."

"உள்ள இருந்த எல்லாத்துக்கும் நம்பர் போடணும்தானே சார் விதி?"

"வண்டியோட உறுப்புக்குத்தான் நம்பர். ஆளு உறுப்பு இல்லை."

பிளேடக்கா சுரண்டினார். ஆனால் எண்களை மாற்றி எழுதவில்லை. பதின்மூன்றுக்குப் பிறகு நேராக இருபத்துமூன்று. எண் விட்டுப்போவது வரைவாளர் தொழிலில் பெரிய குற்றம். ஒவ்வொரு வருடமும் சரிபார்ப்புப் பிரிவிலிருந்து ஒரு சீட்டு வரும்: 'இடையில் ஒன்பது எண்களைக் காணவில்லை.' அதே சீட்டின் கீழ் அவர் எழுதி அனுப்புவார்: 'காணவில்லை என்பது சரி.'

வண்டியைக் கழுவி, வர்ணம் பூசி, புது எண் எழுதி மறுபடி அனுப்பிவிட்டார்கள். ராணுவத்திலிருந்து வீட்டுக்கு வந்த கடிதத்தில், தம்பி ஒரு நொடியில் வலியில்லாமல் போய்விட்டான் என்று இருந்தது. கணவர் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். வண்டிக்குள் பார்த்ததைப் பிளேடக்கா அவரிடம் சொல்லவில்லை.

இந்த வருடம் டாங்கி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி புதுக் கட்டடத்துக்கு மாறியது. முன்கூடத்துக்கு ஏழாம் எண் வண்டியின் மைப்படம் ஒன்று, ஆறடி நீளத்தில் வேண்டும் என்று பயிற்சித் தலைவர் கேட்டார். "வீரமா இருக்கணும்மா. பார்த்தவுடனே பசங்களுக்குச் சிலிர்க்கணும்."

"சிலிர்க்கும் சார்."

சாப்பாட்டு மேசையில் பலகையைப் போட்டு மூன்று மாதம் வரைந்தார். பழைய தாதியர் பாடநூல் ஒன்றை வாங்கிவந்து எலும்புகளின் அளவைப் பார்த்துக்கொண்டார். கணவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். கடைசல் இயந்திரத்தில் முப்பத்தைந்து வருடம் நின்றதில் அவருக்குக் காது போய்விட்டிருந்தது. ஆனால் வரைபடத்தைச் செய்தித்தாள் மாதிரி படிப்பார். ஒரு மதியம் பலகை மேல் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"ஏம்மா, பீரங்கிக் குழல் ஓட்டுறவன் மூடிக்கு நேர் மேல நிக்குதே?"

"ஆமாங்க!" என்று கத்தினார் மனைவி.

"ரெண்டு விரக்கடை இடைவெளிதான் போட்டிருக்க. நாலு விரக்கடை தூக்காம மூடி நகராதே."

"நகராது."

கணவரின் விரல், கைப்பிடியைப் பற்றியிருந்த எலும்புகளின் மேல் போய் நின்றது. "அப்ப அவன் திறக்கப் பார்த்திருக்கான்."

மனைவி தலையாட்டினார்.

"முப்பத்தொரு வருஷம் ஒரே தட்டுல சோறு போட்டியேம்மா. ஒரு வார்த்தை சொன்னியா?"

அன்றே கணவர் சுவரில் இருந்த கடிதத்தைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டார். மூன்றாம் நாள் காலை, ஆறடிச் சட்டம் ஒன்றுக்கு மரம் அறுக்கும் சத்தம் பின்கட்டிலிருந்து கேட்டது. நான்கு மூலைக்கும் பித்தளைத் திருகுகளை அவரே கடைந்தார்.

படத்தை இருவருமாகத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். பயிற்சித் தலைவர் உறையைப் பிரித்தார். நடுவில் அறுபட்ட டாங்கி. இரும்பு முழுக்கச் சாய்கோடுகள். உள்ளே, அவரவர் இருக்கையில் நான்கு எலும்புக்கூடுகள். ஒன்று குண்டை மடியில் வைத்திருக்கிறது. ஒன்று பார்வைக் குழாயில் கண்குழியைப் பொருத்தியிருக்கிறது. முன்னால் இருப்பது மட்டும் இருக்கையிலிருந்து பாதி எழுந்து மேலே கை நீட்டியிருக்கிறது. எலும்புகளுக்கு மெல்லிய கோடுகள் இழுத்து, பதினான்கு முதல் இருபத்திரண்டு வரை எண்கள் எழுதியிருந்தன.

பயிற்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அம்மா, என்னம்மா இது? பசங்க அலறிடுவாங்க. ஆளுங்களை எடுத்துடுங்க. குழலைக் கொஞ்சம் பக்கத்துல திருப்பிடுங்க. சுரண்டினா போயிடும்ல?"

"போயிடும் சார். ஒருதடவை சுரண்டியிருக்கேன். இனிமே மாட்டேன்."

"பயந்தவன் எப்படிம்மா வண்டி ஓட்டுவான்?"

"பயந்தவன்தான் சார் வண்டி நின்னவுடனே குழலைத் திருப்புடான்னு மேல இருக்கிறவனைப் பார்த்துக் கத்துவான். இங்க அதைச் சொல்லிக் கொடுக்கிறீங்களா?"



"என்ன சொல்றாரு?" என்று கணவர் கேட்டது வராந்தா வரைக்கும் கேட்டது.

"எடுக்கச் சொல்றாருங்க!"

கணவர் முன்னால் வந்து பதினேழாம் எண்ணின் மேல் விரலை வைத்தார். "இது எங்க தம்பி கை சார். இவ எடுக்க மாட்டா. உங்களுக்கு வேண்டாம்னா நீங்களே எடுத்துக்குங்க."

மனைவி சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்து மேசை மேல் வைத்தார். "சுரண்டின இடம் தெரியும் சார். எவ்வளவு தேய்ச்சாலும் தெரியும்."

பயிற்சித் தலைவர் பிளேடைப் பார்த்தார். பிறகு படத்தை. குழலுக்கும் மூடிக்கும் நடுவில் தன் இரண்டு விரல்களை வைத்துப் பார்த்தார்.

"இப்ப ஓடுற வண்டியிலயும் இதே மூடிதானா?"

"அதேதான் சார். நேத்துகூட ஒண்ணு அளந்தேன். மாத்தணும்னு அஞ்சுதடவை எழுதிப் போட்டேன், பரிசீலனைல இருக்காம்."

வெளியே மைதானத்தில் ஏதோ வண்டி கிளம்பும் சத்தம். அது அடங்கியதும் பயிற்சித் தலைவர் எழுந்து வந்து சட்டத்தின் ஒரு முனையில் கையை வைத்தார்.

"எங்க மாட்டறதுன்னு அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம் வேண்டாம் சார். வாசலுக்கு நேரா. உள்ள வர்றவன் முதல்ல இதைத்தான் பார்க்கணும்."

"சரி, விடுங்க. கனமா இருக்கு, நான் பிடிச்சுக்கறேன்."

கணவர் தன் முனையை விட்டார். மனைவி, பயிற்சித் தலைவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் தன் கையை எடுத்தார்.