பூஜ்யத்தை நம்பாத அக்கா

என் அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் பால் தொழிற்சாலையில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. மூக்கின் மீதிப் பகுதியை அவள் வேலைக்காக வைத்திருக்கிறாள்.

பதினெட்டு வயதில் கேன் கழுவ வந்தவள். இருபத்தேழு வருடமாகத் தொட்டி, குழாய், மேசை என்று பால் படுகிற எல்லாவற்றையும் கழுவுகிறாள். குழாய் மூட்டில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றி முகர்ந்து பார்த்து, "இன்னும் போகல" என்பாள். அப்புறம் அதை மறுபடி கழுவாமல் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது.

நான் அவள் தம்பி. அதே தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். அவள் கழுவியது சுத்தமா என்று சொல்வது என் வேலை. வீட்டில் அவள் வைத்த குழம்பைப் பற்றி வாய் திறக்காதவனுக்கு இப்படி ஓர் உத்தியோகம்!

போன வருடம் எங்களுக்கு ஒரு கையடக்கக் கருவி வந்தது. மேசையைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து, அந்தக் குச்சியை ஒரு சிறு குழாயில் போட்டுக் குலுக்க வேண்டும். மின்மினிப் பூச்சியை ஒளிர வைக்கும் லூசிஃபரேஸ் என்ற நொதி அந்தக் குழாயில் இருக்கிறது. பாலின் மிச்சமோ கிருமியோ குச்சியில் ஒட்டியிருந்தால், உயிர்ச் செல்களின் எரிபொருளான ஏடிபி அதில் இருக்கும். அது பட்டதும் நொதி வெளிச்சம் தரும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சத்தைக் கருவி அளந்து எண்ணாகக் காட்டும். எண் ஏற ஏற அழுக்கு அதிகம். முப்பதைத் தாண்டினால் மறுபடி கழுவ வேண்டும். இந்த நொதிக்காக இப்போது யாரும் பூச்சி பிடிப்பதில்லை, பாக்டீரியாவை வைத்தே தயாரிக்கிறார்கள் என்று நான் சொன்ன பிறகுதான் அக்கா கருவியைப் பக்கத்தில் விட்டாள்.

அந்தச் சமயத்தில் கழுவும் பிரிவுக்கு ஒரு தலைமை தேவைப்பட்டது. ஒரு மாதம் யாருடைய எண் குறைவாக வருகிறதோ அவருக்கே பதவி என்றார் மேலாளர் அம்மா. காலை ஷிப்டுக்கு அக்கா, மதிய ஷிப்டுக்கு நாங்கள் மீசைக்காரர் என்று கூப்பிடும் இன்னொருவர். அந்தப் பதவிக்கு அக்கா எத்தனை வருடமாக ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

அக்காவுக்கு எட்டு, பதினொன்று, ஆறு என்று வந்தது. மீசைக்காரருக்குப் பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். மூன்று வாரமும் பூஜ்யம்தான். நானே அவரை வாயாரப் பாராட்டினேன். அக்கா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டில் சோறு விழும் சத்தத்திலேயே அவள் கோபம் தெரிந்தது.

பேச்சை நிறுத்திய நாலாம் நாள் பரிசோதனைக் கூடத்துக்குள் வந்து நின்றாள்.

"டேய், சோப்பு போட்டு பத்து தடவ கழுவின என் கையில உன் குச்சியத் தேச்சுப் பாரு. சைபர் வருமா?"

"வராதுக்கா."

"அப்புறம் நாள் பூரா பால் ஓடுற மேசைக்கு மட்டும் எப்படி வருது? நேத்து அங்க போய் மோந்து பாத்தேன். ப்ளீச்சிங் நெடி மூக்கத் தூக்குது. அவரு ஊத்திட்டு அலசாமப் போயிடறாரு. அது உன் மின்மினி மருந்து மேல பட்டா அது தாங்குமா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நொதி ஒரு புரதம். ப்ளீச்சிங் அதைச் சிதைத்துவிடும். பட்டம் வாங்கிய எனக்கு இது மூன்று வாரமாக உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது.

மேலாளர் அம்மா முன்னால் மேசையில் இரண்டு இடத்தில் பாலைத் தடவினோம். ஒன்றைச் சும்மா விட்டோம். எண் ஆயிரத்தைத் தாண்டியது. இன்னொன்றின் மேல் அக்கா தண்ணீர் கலக்காத ப்ளீச்சிங் கரைசலை ஊற்றினாள். பால் கண்ணுக்கு முன்னால் வெள்ளையாகக் கிடக்க, கருவி பூஜ்யம் என்றது.

மேலாளர் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். மீசைக்காரரும் பாவம், ஏமாற்ற நினைத்தவர் இல்லை. "நெறைய ஊத்தினா நெறைய சுத்தம்னு நெனச்சேன்மா" என்றார். அவர் மேசையை நன்றாக அலசிவிட்டுப் பார்த்தோம். நாற்பத்தாறு வந்தது.

பதவி அக்காவுக்கு வந்தது. மேலாளர் அம்மா கையைப் பிடித்துச் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த அழுகை அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை.

"மேடம், இனிமே இந்த இடம் பூரா என் பொறுப்புதானே?"

"பூராவும்தான்."

கண்ணைத் துடைத்தாள். ஒரு புதுக் குச்சியை எடுத்தாள். நேராகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய், நான் தினமும் கருவி வைக்கும் மேசையைத் தேய்த்து என்னிடம் நீட்டினாள். குலுக்கினேன், கருவியில் வைத்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு.

"மத்தவங்களுக்கு மார்க் போடற மேசையா இது?" என்று ஒரு வாளியை என் காலடியில் வைத்தாள். வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மீசைக்காரரைக் கூப்பிட்டு, "வாங்க, இவனுக்கு எப்படி அலசறதுன்னு சொல்லிக் குடுங்க" என்றாள். அன்று அவரும் நானும் அந்த மேசையை நாலு தடவை கழுவினோம்.