இன்ஸாஃப் எழுதாத தாள்

எங்கள் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இன்ஸாஃபிடம் பொய் சொல்லித் தப்பித்தவர்கள் கிடையாது. எங்கள் இர்பித் நகரப் பக்கத்துச் சனங்கள் நோயின் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். ‘அந்த நோய்’ என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டால், செத்தவர்கள் எல்லோருக்கும் மாரடைப்பு, இல்லாவிட்டால் வயிற்றுவலி. ‘அந்த வீட்டில் இருக்கிறது’ என்று பேச்சு வந்துவிட்டால் பெண்ணை யாரும் எடுக்க மாட்டார்கள்.

வருபவர்களின் குடும்ப நோய் விவரம் எழுதுவது எங்கள் இருவரின் வேலை; பக்கத்து மேசையில் இருந்து அவளை நான் தினமும் பார்த்தேன். முதலில் ஏலக்காய் காப்பி ஊற்றிக் கொடுப்பாள். பிறகு குடும்பத் தாளை எடுப்பாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு.

“உங்க அத்தை எதுல போனாங்க?”

“வயித்துவலிங்க.”

“பாவம். கடைசியில தலையில முடி இருந்துச்சா அவங்களுக்கு?”

வந்தவள் அழுதுவிடுவாள். வட்டம் கறுப்பாகும்.

டாக்சி ஓட்டிய கணவன் விபத்தில் போனபின், ஒரே மகள் ருபாவைத் தனியாக வளர்த்தவள் இன்ஸாஃப். யாரிடமும் கை நீட்டியதில்லை. யாரிடமும் மனம் திறந்ததும் இல்லை, என்னிடம்கூட.

ஆளுக்கு ஏற்ற சிகிச்சை, அதற்கான ஆராய்ச்சி என்று ஐந்தாண்டுத் திட்டம் போட இயக்குநர் ஹாஸிம் குழுவைக் கூட்டினார். மரபணுக் கருவியை எந்த நாட்டில் வாங்குவது என்று டாக்டர்கள் காலை முழுக்க அடித்துக்கொண்டார்கள். கடைசி நாற்காலியில் உட்கார வைத்திருந்த இன்ஸாஃப் எழுந்தாள்.

“மிஷின் அப்புறம் வாங்கலாம் டாக்டர். தாள்ல ரெண்டு வட்டம் கறுப்பா இருந்தா, அந்த வீட்டுப் பொண்ணுக்கு இருபத்தஞ்சு வயசுலயே டெஸ்ட் பண்ணணும். கட்டி வந்தப்புறம் வந்து நின்னா நாம என்ன பண்ணிட முடியும்?”

“உண்மைய சொல்லவே மாட்டாங்களே, இன்ஸாஃப்,” என்றார் ஹாஸிம்.

“சொல்ல வைக்கிறது என் பொறுப்பு.”

திட்டத்தின் முதல் பக்கத்திலேயே அது ஏறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று ருபாவுக்கு வயது இருபத்தாறு. அஜ்லூனில் நல்ல இடத்தில் பேசி முடித்து, கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்கள்.

நான்கு வருடம் கழித்து ருபா எங்கள் அறைக்கு வந்தாள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். பால் கட்டிக்கொண்டது என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டிருக்கிறாள். பரிசோதனை முடிவு அக்குள் வரை பரவிவிட்டது என்றது. சொந்தக்காரர் தாளை நாங்கள் எழுதக் கூடாது என்பது விதி. அதனால் ருபா என் மேசையில் உட்கார்ந்தாள். சொந்தமில்லை என்றாலும் சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நான் சித்தி. இன்ஸாஃப் தன் மேசையில் குனிந்தபடி இருந்தாள்.

“எங்க வீட்ல யாருக்கும் கெடயாது சித்தி. அம்மாவோட அம்மா மாரடைப்பு. பெரியம்மாவும் சின்னம்மாவும் அப்படித்தான்.”

நான் நம்பினேன். வட்டங்களை வெள்ளையாகவே விட்டேன்.

இன்ஸாஃப் எழுந்து வந்து என் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். தன் அம்மாவைக் கறுப்பாக்கினாள். அக்காவை, பிறகு தங்கையை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஊர் வாயை எல்லாம் பிடுங்கியவள், தன் வாயைத் தைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

“மாரடைப்புன்னு சொன்னியேம்மா.”

“உன் கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னு சொன்னேன்.”

“கல்யாணம் ஆயிடுச்சே. அப்புறமாவது சொல்லியிருக்கலாமே.”

“மாமியார் வீட்ல உன்ன திருப்பி அனுப்பி வச்சிருவாங்களோன்னு பயம்.”

ருபா அழவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த மேசையில எத்தன வருஷமா உக்காந்திருக்க?”

“பதினேழு,” என்றாள் இன்ஸாஃப்.

அவளைத் திட்டித் தீர்க்க வேண்டும் என்றிருந்தது. அதற்குள் தாயின் கையிலிருந்த பேனாவை ருபா மெதுவாக உருவி என்னிடம் தந்தாள்.

“கீழ என் பொண்ணையும் போடுங்க சித்தி. அவளுக்கு விவரம் தெரிஞ்சதும் நீங்களே கூப்பிட்டுச் சொல்லிடுங்க. அப்ப நான் இருப்பேனோ என்னவோ. அம்மா சொல்ல மாட்டா.”