பாஸாவதற்கு முன்னால் வைத்த போர்டு

புதிதாக அச்சடித்து வந்த ஃபிளெக்ஸ் போர்டுக்கு ஒரு வாடை உண்டு. பெயின்டும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல இருக்கும் அந்த வாடை வெயில் ஏற ஏறக் கூடும். எங்கள் தேவதானத்தில் காதுகுத்து, கல்யாணம், பட்டாளத்துக்கு ஆள் எடுத்தது என்று எதற்கும் பஸ் ஸ்டாப்பில் ஒரு "போர்டு" நின்றாக வேண்டும் என்பதால் ஊருக்கே பழகிய வாடைதான். எனக்கு மட்டும் அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் காது மடல் சூடாகிவிடும்.

பத்தாம் வகுப்பு பாஸாக ஒரு பாடத்துக்கு முப்பத்தைந்து மார்க் வேண்டும் என்பது எங்கள் ஊரில் ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். அறிவியலில் மட்டும் அது அத்தனை நேரானதில்லை. செய்முறைக்கு இருபத்தைந்து, எழுத்துத் தேர்வுக்கு எழுபத்தைந்து என்று பிரித்திருப்பார்கள். உப்பைக் கரைத்து, நிறம் மாறியதைக் காட்டி, ரெக்கார்டு நோட்டில் படம் ஒழுங்காக வரைந்திருந்தால் செய்முறையில் முழு மார்க்கும் விழுந்துவிடும். இராஜபாளையத்தில் நான் படித்த பள்ளியில் கடைசி பெஞ்சுக்காரிகள் அதை வைத்து ஒரு கணக்குப் போட்டிருந்தோம். "இருபத்தஞ்சு கையில இருக்குட்டி. இன்னும் பத்து எடுத்தா முப்பத்தஞ்சு. அதுக்கு ஏன் இம்புட்டு முக்கணும்?" எழுத்துத் தேர்வில் தனியாக இருபது எடுத்தாக வேண்டும் என்பதை டீச்சர் சொல்லத்தான் செய்தார். எங்கள் கணக்கு இனிப்பாக இருந்ததால் அது யார் காதிலும் ஏறவில்லை.

முடிவு வந்த அன்று பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த சித்தப்பா, இராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் நின்ற தன் கூட்டாளிக்குப் போன் போட்டார். அவர் கூட்டத்துக்குள் நெரிபட்டுக்கொண்டே ஒவ்வொரு பாடத்துக்கும் மொத்த மார்க்கை மட்டும் கத்திவிட்டு வைத்துவிட்டார். அறிவியல் நாற்பத்து மூன்று. எல்லாமே முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அதுவரை பத்தாவது பாஸான பெண் கிடையாது. மில்லில் ஷிப்டு முடிந்து வந்த அப்பா சைக்கிளைச் சாத்தக்கூட மறந்து சிரித்தபடி நின்றார். சித்தப்பா, "செத்த நேரத்துல வாரேன்" என்று வண்டியை எடுத்தவர், சாயங்காலம் போர்டோடு வந்து இறங்கினார்.

போர்டுக் கடைக்காரரின் கம்ப்யூட்டரில் கிடந்தது என் சடங்குக்கு எடுத்த படம் ஒன்றுதான். அதனால் நெற்றிச்சுட்டியும் மாலையுமாக, உதட்டுச் சாயத்தோடு, ஆள் உயரத்துக்கு நின்றேன். தலைக்கு மேலே "பொதுத்தேர்வில் வெற்றி வாகை சூடிய எங்கள் குலவிளக்கே". கீழே வரிசையாகக் கறுப்புக் கண்ணாடி போட்ட மாமன்மார், நடுவில் ராணுவ உடுப்பில் சித்தப்பா.

மறுநாள் மார்க் பட்டியல் வாங்கப் போன என்னை டீச்சர் தனியே கூப்பிட்டார். "எழுத்துல பதினெட்டுதானம்மா எடுத்திருக்க. ரெண்டு மார்க் கொறையுது. ஜூன்ல திருப்பி எழுதி பாஸானா இந்த வருசமே பிளஸ் ஒன் சேந்துக்கலாம். விட்டா ஒரு வருசம் போயிரும்." அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. போர்டில் சிரித்துக்கொண்டிருந்த முகம் ஒன்றுதான் கண்ணுக்குள் நின்றது. பஸ் ஊருக்குள் நுழைந்தபோது துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினேன். அப்படி வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டில் அழுகையெல்லாம் ஓய்ந்த பிறகு அப்பா போர்டைக் கழற்றிவிடலாம் என்றார். சித்தப்பா ஒப்பவில்லை. "கழட்டுனாத்தான் ஊரே ஏன்னு கேக்கும். அது பாட்டுக்கு இருக்கட்டும். பிள்ளை எழுதிப் பாஸாயிட்டா அது பொய்யா என்ன?" என்று சொல்லிவிட்டு லீவு முடிந்து ரயிலேறிப் போய்விட்டார். போர்டோடு நான் கிடந்தேன்.

டியூஷனுக்குத் தினமும் இராஜபாளையம் போக வேண்டும். பஸ்ஸுக்கு நிற்க வேண்டிய இடமோ என் படத்துக்கு நேர் கீழே. எதிரே பெட்டிக்கடை பாய். ஊரில் யார் எங்கே போகிறார்கள் என்பது அவரைக் கேட்டால் தெரியும். பள்ளிக்கூடம் திறந்த வாரம், "எந்த குரூப்பும்மா சேந்திருக்க?" என்றார். "கம்ப்யூட்டர் குரூப்பு பாய்." "யூனிபார்மக் காணோம்?" "இன்னும் தைக்கக் குடுக்கல." பொய் சொல்லும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டேன். பார்த்தால் மேலே நானே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். எத்தனையோ நாள் அந்தப் போர்டைக் காற்று கிழித்துக்கொண்டு போகாதா என்று வேண்டியிருக்கிறேன்.

திருப்பி எழுதும் பரீட்சைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சென்டர் போட்டிருந்தார்கள். அம்மா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். "ஆண்டாள் கோயிலுக்குப் போறோம்னு சொல்லு. வரும்போது பால்கோவா வாங்கிட்டு வந்துருவோம்." சொன்னதோடு விடாமல் பட்டுப் பாவாடை கட்டிவிட்டு, தலை நிறைய மல்லிகை வைத்துவிட்டாள். பரீட்சை ஹாலில் தலை கலைந்து, தூக்கம் கெட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் மத்தியில் நான் மட்டும் வளைகாப்புக்கு வந்தவளைப் போல உட்கார்ந்திருந்தேன். ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போட வந்த சார், "என்னம்மா, வீட்டுல விசேஷமா?" என்றார். முன் பெஞ்சுப் பையன்கள் திரும்பிச் சிரித்தார்கள். குனிந்த தலையை நிமிர்த்தாமல் எழுதினேன். அறிவியல் புத்தகம் முழுவதையும் இருந்தபடியே ஒப்பிப்பேன், அவ்வளவு படித்திருந்தேன். திரும்பும்போது அம்மா பஸ்ஸில் பால்கோவாப் பொட்டலத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பாஸாகிவிட்டேன். நல்ல மார்க். அதை யாரிடம் சொல்வது? ஊரைப் பொறுத்தவரை நான் பாஸாகி மாதக்கணக்காகிவிட்டது. அப்பா அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் என் தலையைத் தடவிக் கொடுத்தார். பிளஸ் ஒன்னில் சேர்ந்து முதல்முறை யூனிபார்ம் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோது, பாய் கடையை விட்டு இறங்கி வந்து என் கையில் ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை வைத்தார். "எதுக்கு பாய்?" என்றதற்கு, "சும்மாத்தாம்மா" என்று திரும்பிப் போய்விட்டார்.

ஐப்பசி மழையில் போர்டு ஓரம் கிழிந்து தொங்கியது. அப்பா அதைக் கொண்டுவந்து விறகுக்கு மூடினார், என் முகம் அடிப்பக்கம் போகும்படி பார்த்து மூடினார். இப்போது விறகும் இல்லை, அந்தப் போர்டும் இல்லை. பஸ் ஸ்டாப்பை இடித்து நிழற்குடை கட்டிவிட்டார்கள். பாய் காலமாகி, கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது.

போன மாதம் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது பாயின் மகளைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் அந்தக் கடலை மிட்டாயைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரித்தாள். "நம்ம ஊருப் பிள்ளைக அம்புட்டும் ஒங்க ஸ்கூல்லதானக்கா படிச்சது? ரிசல்ட்டுக்கு மறுநாளே எல்லாருக்கும் தெரியும். போர்டு நிக்கிற மட்டும் பாஸுன்னே வச்சுக்கிடுங்க, பிள்ளைட்ட யாரும் வாயக் குடுக்கக் கூடாதுன்னு வாப்பா கடைக்கு வாரவுகள்ட்ட எல்லாம் சொல்லிருந்தாக. நாலு பேரு நிக்கையில அவுகளே ஒங்கள்ட்ட குரூப்பு என்னன்னு கேட்டதுகூட, மத்தவுக கேட்டுறக் கூடாதுன்னுதான்."

அப்படியானால் கம்ப்யூட்டர் குரூப்பு, தைக்காத யூனிபார்ம், கோயில், பால்கோவா எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே கேட்டு ஊர் முழுக்கத் தலையாட்டியிருக்கிறது. கல்யாண மண்டப வாசலில் மணமக்களின் புது போர்டு வெயிலில் வாடை அடித்துக்கொண்டு நின்றது. நான் அதற்குக் கீழே, பட்டுப் புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக, காது சுட நின்றேன்.