கம்பளத்தில் விழுந்த கரி

லண்டன் வெம்பிளியில் மகள் வீட்டு வாசலில் நிற்கிறேன். உள்ளே புகை. சாம்பிராணி போட மூட்டிய கரியைக் கம்பளத்தில் தவறவிட்டவன் நான்தான். மாடியில் பேத்தி தூங்குகிறாள்; படியேற முடியவில்லை.

தீயணைப்பு வண்டி வருகிறது. வண்டிக்குள்ளேயே முகமூடி மாட்டிக்கொண்ட வீரர்கள் இறங்கி உள்ளே ஓடுகிறார்கள். மலேசியாவில், ஈப்போவில் நான் தீயணைப்புத் தொண்டர் படையில் இருந்தபோது வண்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டுதான் போவோம். இரண்டு கையும் கம்பியில் இருக்கும். இறங்கிய பிறகே எதையும் மாட்ட முடியும்.

ஒரு வீரர் தூக்கிவர, பேத்தி வீரிட்டு அழுதபடி என் கைக்கு வருகிறாள். அந்த அழுகை எவ்வளவு இனிமை!

“ஃபயர்மேன் எண்டு பெருமையடிச்சனீங்கள், கம்பளத்தில கரியோ ஐயா?” என்கிறார் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர். “பிள்ளை சுகம்தானே. மகளிட்ட நான் சொல்லட்டோ?”

மகள் தெருமுனையிலிருந்து ஓடி வருகிறாள்.

“வேணாம் தம்பி. நானே சொல்றேன்.”