அம்மா தனக்கென்று கேட்டது

கிறிஸ்துவுக்குள் அன்பான சொந்தபந்தங்களே, அம்மா நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "உங்கம்மா மாதிரி விசுவாசி உண்டுமா!" உண்மைதான். ஆனால் அந்த விசுவாசியோடு ஒரே வீட்டில் குடியிருந்து பார்த்தவள் நான். மகள் என்கிற உரிமையில் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

அம்மா பிறந்தது அச்சங்குளத்தில். வாக்கப்பட்டு வந்தது திருத்தங்கலுக்கு. நானும் தம்பியும் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அப்பா மஞ்சள் காமாலையில் காலமானார்கள். அதன்பின் அம்மா பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னி எங்களை ஆளாக்கினார்கள். தீபாவளி சீசனில் காலையில் கம்பெனி வேனில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவார்கள். வந்ததும் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு உலை வைப்பார்கள்.

உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்து மிஷனரிப் பானையில் போடுவது நம் சபைப் பெண்களின் வழக்கம். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கைப்பிடி போகும். அதிலும் எங்களுக்கு ரேஷன் அரிசி, பானைக்குக் கடையில் வாங்கிய பொன்னி! மாதக் கடைசி ஞாயிறு அந்த அரிசியைக் கோவிலில் ஏலம் விட்டு, காசை ஊழியத்துக்கு அனுப்புவார்கள். ஒருமுறை எங்கள் சித்தி அதை ஏலத்தில் எடுத்து, சோறு பொங்கி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். "உங்கம்மா போட்ட அரிசிதான். இன்னைக்காவது நல்ல சோறு தின்னுங்க" என்றார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தார்கள். மறுநாள் எங்களுக்குப் பழையபடி ரேஷன் அரிசிதான்.

தம்பி படிப்பை முடித்ததும், ஒடிசா மலைப்பக்கம் ஊழியத்துக்குப் போகிறேன் என்றான். "ஏம்மா, ஆம்பளப் பிள்ளைன்னு இருக்கது அவன் ஒருத்தன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கெஞ்சினேன்.

"ஆளை அனுப்பும் ஆண்டவரேன்னு தெனமும் கேட்டவ நாந்தானே. எம்பிள்ளையத் தவிர வேற ஆளை அனுப்பும்னா கேட்டேன்?" என்றார்கள். விருதுநகர் ஸ்டேஷனில் அவனை ரயிலேற்றிவிட்டு வந்து, வழக்கம்போல உலை வைத்தார்கள்.

தம்பி அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். சில வருடங்கள்தான். ஒரு மழைக்காலத்தில் மலேரியாக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. பாதையெல்லாம் வெள்ளம். உடலைக் கொண்டுவர வழியில்லாமல் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பெற்ற பிள்ளையின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க அம்மாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

செய்தி சொல்ல வந்த போதகர் ஐயாவிடம் அம்மா கேட்டது இதுதான்: "ஐயா, அந்த ஊருக்கு வேற ஆளு போட்டாச்சா?" சபையே மலைத்துப்போனது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இது பெற்ற மனசா, கல்லா என்று உள்ளுக்குள் ஏசினேன்.

கல்லறையையாவது பார்த்துவரட்டும் என்று நானும் என் வீட்டுக்காரரும் அம்மாவுக்கு ரயில் டிக்கெட் எடுத்தோம். அம்மா மருமகனிடம் நைசாகப் பேசி அதை ரத்து செய்யவைத்து, அந்தப் பணத்தைத் தம்பி இடத்துக்கு வந்த ஊழியரின் வீட்டுக்குக் கம்பளி வாங்க அனுப்பிவிட்டார்கள். "கல்லறையப் பாத்து என்ன ஆகப்போவுது? அங்கன குளிரு. கைப்பிள்ளை வச்சிருக்காக." மறுவருடமும் எடுத்தோம். மறுபடி அதே கதைதான். "அவன் நீங்க பெத்த பிள்ளைதானா?" என்று கத்தியேவிட்டேன். அம்மா துணி மடிக்கப் போய்விட்டார்கள்.

போன வருடம் நுரையீரல் கெட்டுப் படுத்தார்கள். டாக்டரும் கைவிரித்துவிட்டார். ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். "ஏட்டி, தம்பியப் பொதைச்ச எடத்துல நிழல் இருக்கா?" என்றார்கள்.

அந்த ஊழியருக்குப் போன் போட்டேன். பாவம், அவர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வீடியோவில் காட்டினார். ஒரு சிலுவை. சுற்றிலும் வெறும் பொட்டல், உச்சி வெயில். அம்மா போன் திரையின்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தார்கள். "இம்புட்டு வருசமும் வெயில்லயாய்யா கெடந்த?" என்று அழுதார்கள். அப்படி ஓர் அழுகையை அம்மாவிடம் நான் பார்த்ததே இல்லை.

"அப்போ ஏம்மா போகமாட்டேன்னீக? டிக்கெட் எடுத்தோமே!"

"அங்கன போய் நின்னா, எம்பிள்ளைய ஏன் எடுத்தீருன்னு ஆண்டவர்கிட்ட கேட்டுருவேன்டி. அதுக்குப் பயந்துதான் போகல."

அந்த வாரமே அம்மா கண்ணை மூடிவிட்டார்கள். கல் என்று நினைத்தேனே, என் அம்மாவை.

கூடவே இருந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும் சபையாருக்கும், ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட சித்தி வீட்டாருக்கும், வேலை முடிந்து அலுப்போடு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கம்பெனித் தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அம்மா அழுததைக் கேட்டுவிட்டு மறுநாளே தம்பியின் தலைமாட்டில் ஒரு வேப்பங்கன்றை நட்ட அந்த ஊழியருக்கும், அதற்குத் தண்ணீர் ஊற்றும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. கன்று இப்போது முழங்கால் உயரம் வந்திருக்கிறதாம். அம்மா தனக்கென்று கேட்டது அந்த நிழல் ஒன்றுதான். அதையும் அவர்கள் கண்ணில் காட்ட எங்களால் முடியவில்லை.